டர்போ போட்ட 1.3 ஸ்விஃப்டில் டிப்ஸ்டிக் எழும்புகிறது: கேட்ச் கேன் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்டில் டர்போ கிட் போட்டிருக்கிறார், பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) 0.6 பார். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) எழும்பி ஆயில் தெறிக்கிறது. இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிகிறது. பிசிவி வால்வை (இன்ஜினின் அடியறை வாயுவைத் திரும்ப இன்ஜினுக்குள் இழுக்க விடும் வால்வு) அடைத்துவிட்டு டேப்பட் கவரில் (இன்ஜின் தலையின் மேல்மூடி) ஒரு சின்ன பிரீதர் ஃபில்டர் மாட்டி, கூடவே ஒரு கேட்ச் கேனும் போட்டால் போதும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்ய வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. கேட்ச் கேன் என்பது காற்றோடு வரும் ஆயிலைப் பிரித்து வைக்கிற பாத்திரம், அவ்வளவுதான். உங்கள் பிரச்சினை ஆயில் அல்ல, அழுத்தம். க்ராங்க்கேஸுக்குள் (பிஸ்டன்களுக்குக் கீழே க்ராங்க் சுழலும் அறை) அழுத்தம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போக முடியாமல் நிற்கிறது என்று தெரியாமல் கேனை மாட்டினால், போகிற பாதையில் இன்னொரு தடையைத்தான் சேர்த்திருப்பீர்கள்.

முதலில் டிப்ஸ்டிக் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அதன் குழாய் 8 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 50 சதுர மி.மீ. உள்ளே 0.1 பார் அழுத்தம் இருந்தால் அது டிப்ஸ்டிக்கை ஏறக்குறைய 50 கிராம் விசையோடு மேலே தள்ளும். ஓ-ரிங்கின் பிடிப்பையும் மீறி அது எழும்புகிறது என்றால் உள்ளே 0.1 பாருக்கு மேலேயே இருக்கிறது. அதே 0.1 பார் டேப்பட் கவரை அடியிலிருந்து தள்ளும்போது, 500 சதுர செ.மீ. பரப்புக்கு அது 50 கிலோ சுமை. பின்பக்க க்ராங்க் ஆயில் சீல் இதையெல்லாம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. டிப்ஸ்டிக்கைக் கம்பியால் கட்டி இறுக்கினால் அடுத்து வழிவிடப் போவது அந்த சீல்தான். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் தயவுசெய்து டிப்ஸ்டிக்கைக் கட்டி வைக்காதீர்கள்.

அழுத்தம் வருவது இரண்டு இடத்திலிருந்து. ஒன்று எல்லா இன்ஜினிலும் இருப்பது: எரியும்போது சிலிண்டரில் உண்டாகும் வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். எரிந்த புகை, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் கலந்த காற்று அது. 0.6 பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) மொத்தம் 1.6 பார் இருக்கிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரியும்போது வரும் அழுத்தமும் அதற்கேற்பக் கூடும், ரிங்கைத் தாண்டும் வாயுவும் கூடும். இது தவிர்க்க முடியாதது. இதற்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது இடம்தான் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது: பிசிவி வால்வு. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் சந்தேகம் என்பது புரியும்.

ஒரு காலத்தில் இந்த வாயுவை ஒரு குழாய் வைத்து நேராக ரோட்டில் விட்டுவிடுவார்கள். 1961-ல் கலிஃபோர்னியா, புகைமூட்டத்தைக் குறைப்பதற்காக, அதை இன்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் முறையைக் கட்டாயமாக்கியது. கார்களுக்கு அங்கே வந்த முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியே இந்த பிசிவி அமைப்புதான். டர்போ இல்லாத இன்ஜினில் அது இப்படி ஓடும். ஸ்லோவில் (ஐட்லிங்கில்) த்ராட்டில் மூடியிருக்கும், மேனிஃபோல்டில் நல்ல வேக்குவம் இருக்கும். அது வால்வு வழியாக க்ராங்க்கேஸ் வாயுவை இழுக்கும். ஏர் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து டேப்பட் கவருக்குப் போகும் இன்னொரு ஹோஸ் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வரும். த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் வேக்குவம் போய்விடும், வாயு கூடும். அப்போது அதே ஹோஸில் காற்று திசை மாறி, டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போகும். ஒரே ஹோஸ் ஒரு நேரம் உள்ளே விடும், இன்னொரு நேரம் வெளியே விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வால்வுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன பிளஞ்சரும். பேக்ஃபயர் (மேனிஃபோல்டுக்குள் தீ திரும்பி வெடிப்பது) ஆனால் தீ க்ராங்க்கேஸுக்குள் போகாமல் இருக்க, எதிர்த்திசையில் அழுத்தம் வந்தால் அது மூடிக்கொள்ளும். ஆனால் பேக்ஃபயர் கண் இமைக்கும் நேரம்தான். டர்போ இல்லாத காரின் வால்வை, ஐந்து பத்து விநாடி தொடர்ந்து 0.6 பாரைத் தாங்கி நிற்கச் சொன்னால் அது கசியும். கசிந்தால் டர்போ அழுத்திய காற்று நேராக க்ராங்க்கேஸுக்குள் போகிறது. ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிப்ஸ்டிக் எழும்பும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. வால்வைக் கழற்றி, மேனிஃபோல்ட் பக்கத்து முனையில் ஒரு துண்டு ஹோஸை மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றை அடியுங்கள். மறுமுனையை சோப்புத் தண்ணீரில் வையுங்கள். குமிழி வந்தால் வால்வு பூஸ்ட்டைப் பிடிக்கவில்லை. வண்டியிலேயே பார்ப்பதென்றால், மேனிஃபோல்டில் அந்த நிப்பிளை இறுக்கமாக அடைத்து, வால்வு இருந்த பக்கத்தையும் மூடிவிட்டு, டேப்பட் கவர் பிரீதரை மட்டும் நன்றாகத் திறந்து வைத்து ஒரே ஒரு முறை பூஸ்ட் கொடுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் அசையவில்லை என்றால் குற்றவாளி வால்வு. அப்போதும் எழும்பினால் ரிங் பக்கம் திரும்ப வேண்டும், அல்லது பிரீதர் வழியே குறுகலாக இருக்கிறது.

ரிங் பக்கம் என்றால் சூடான இன்ஜினில் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது) எடுங்கள். வெறும் கம்ப்ரஷன் டெஸ்ட் போதாது. ஆயிலால் அடைபட்டு நிற்கும் ரிங் கூட நல்ல கம்ப்ரஷன் காட்டும். லீக் டவுனில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. இருபதைத் தாண்டினால், அதுவும் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தாண்டினால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள். உஸ்ஸென்று சத்தம் அங்கே கேட்டால் காற்று ரிங்கைத் தாண்டுகிறது.

டர்போ போட்ட பழைய இன்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் திடீரென்று கெடுவதற்கு வழக்கமான காரணம் ரிங்கின் தேய்மானம் இல்லை, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது. கம்பெனி பிஸ்டன் வார்ப்பு அலுமினியம். நக்கிங் (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது) அடித்தாலோ, ரிங் சூட்டில் நீண்டு அதன் இரு முனைகளும் முட்டிக்கொண்டாலோ அந்த விளிம்பு தெறித்துவிடும். இந்த இன்ஜினின் போர் 74 மி.மீ. டர்போ இல்லாமல் ஓட மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ. இடைவெளி போதும் என்றால், பூஸ்ட்டில் ஓட 0.40 மி.மீ. அளவில் வைப்பது வழக்கம். இன்ஜினைப் பிரிக்காமல் கிட் மட்டும் போட்டிருந்தால் உங்கள் இடைவெளி கம்பெனி வைத்ததாகவே இருக்கும். 0.6 பாரில் பெரும்பாலும் சமாளிக்கும், ஆனால் அதற்கு மேல் ஏற்ற ஆசைப்பட வேண்டாம். சென்ற மாதம் வரை இல்லாத ஆயில் தெறிப்பு திடீரென்று வந்தது என்றால் பிரீதரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக லீக் டவுன் எடுங்கள்.

இனி அளப்பது. நான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பூஸ்ட்டுக்கு கேஜ் வைக்கிறோம், ஏ.எஃப்.ஆருக்கு (காற்று-பெட்ரோல் விகிதம்) கேஜ் வைக்கிறோம், க்ராங்க்கேஸை மட்டும் யாரும் அளப்பதில்லை. நின்ற இடத்தில் பார்க்க, தண்ணீர் லெவல் பார்க்கிற ட்யூபே போதும். அதை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் மாட்டுங்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடாதபடி பலகை உயரமாக இருக்கட்டும். இரண்டு பக்க மட்டத்துக்கும் இடையில் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 10 மில்லிபார். ஸ்லோவில் தண்ணீர் இன்ஜின் பக்கம் சில சென்டிமீட்டர் இழுக்கப்பட்டு நிற்க வேண்டும். வெளியே தள்ளினால் ஸ்லோவிலேயே கோளாறு.

பூஸ்ட்டில் பார்க்க, டர்போ கார்களில் வரும் 2.5 பார் அல்லது 3 பார் மேப் சென்சார் (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) ஒன்றை டிப்ஸ்டிக் குழாயில் இணைத்து, உங்கள் ஈசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) காலியாக இருக்கும் ஒரு அனலாக் இன்புட்டில் கொடுத்து லாக் எடுங்கள். முழு பூஸ்ட்டில் வெளிக்காற்றை விடச் சற்றுக் கீழே இருந்தால் அருமை. பத்து மில்லிபார் வரை மேலே போனால் நான் விட்டுவிடுவேன். இருபதைத் தாண்டினால் பைப் வேலை பாக்கி இருக்கிறது. ஐம்பது என்றால் அந்த வண்டியை பூஸ்ட்டில் ஓட்டக்கூடாது.

சரி, பைப்புக்கு வருவோம். இரண்டு பாதையும் வேண்டும். ஸ்லோவிலும் லேசான ஓட்டத்திலும் மேனிஃபோல்ட் இழுக்கட்டும், பூஸ்ட்டில் டர்போவின் வாய் இழுக்கட்டும். ஒர்க்‌ஷாப் சொன்னபடி பிசிவி-யை அடைத்தால் முதல் பாதை போய்விடும். வண்டி ஓடும், ஆனால் பெட்ரோலும் நீராவியும் உள்ளேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும். தினமும் ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிவதைப் பார்ப்பீர்கள்.

முதல் பாதையில் கம்பெனி பிசிவி வால்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு நல்ல செக் வால்வு சேருங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸில் வருகிற வால்வு இதற்குப் பொருத்தம். இன்ஜின் சூட்டிலும் மேனிஃபோல்ட் வேக்குவத்திலும் வாழப் பிறந்தது அது. மீன் தொட்டிக்கும் வாஷர் தண்ணீருக்கும் வரும் பிளாஸ்டிக் வால்வுகள் உருகிவிடும். பிசிவி-யை எடுத்துவிட்டு செக் வால்வு மட்டும் போடுவதும் தவறு. ஸ்லோவில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அளந்து விடுகிற வேலை பிசிவி-யுடையது. அது இல்லாமல் முழு வேக்குவமும் க்ராங்க்கேஸில் விழுந்தால் ஸ்லோ நிற்காது, ஆயிலையும் உறிஞ்சும்.

அழுத்தத்தை உண்மையில் இறக்குவது இரண்டாவது பாதை. டேப்பட் கவரிலிருந்து டர்போவின் வாய்க்கு, ஏர் ஃபில்டருக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில். இங்கே ஹோஸின் அளவுதான் எல்லாம். 12 மி.மீ. துளையின் பரப்பு 113 சதுர மி.மீ., 19 மி.மீ. துளைக்கு 283. இரண்டரை மடங்கு. உங்கள் காருக்கு 19 மி.மீ. வைத்தால் பின்னால் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் ஹோஸை மட்டும் பெரிதாக்கி, டேப்பட் கவரில் பழைய சின்ன நிப்பிளையே விட்டுவிட்டால் பயனில்லை. பாதையின் மிகக் குறுகலான இடம்தான் கணக்கு. கவரைக் கழற்றி லேத்தில் கொடுத்து புது நிப்பிள் வைக்கும்போது, அதற்கு நேர் கீழே உள்ளே ஒரு தகடு மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேம் வாரியடிக்கிற ஆயில் நேராக நிப்பிளுக்குள் போகும்.

ஹோஸ் ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். ஹீட்டர் ஹோஸ் கைக்குக் கிடைக்கிறது என்று போடாதீர்கள். கூலன்ட்டுக்குச் செய்த ரப்பர் ஆயில் பட்டால் உப்பி, மெத்தென்று ஆகி, வேக்குவத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் ஒட்டிக்கொண்டால் பாதை மூடியாயிற்று. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், கிளிப் இறுக்கமாக இருக்கும், அழுத்தம் மட்டும் ஏறும்.

டர்போ வாயில் நிப்பிளை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஃபில்டர் கொஞ்சம் தடுப்பதால் அதற்குப் பின்னால் சிறு வேக்குவம் உண்டாகிறது. க்ராங்க்கேஸை இழுப்பது அதுதான். பெரிய கோன் ஃபில்டர் போட்டவர்கள் அந்த இழுப்பை இழந்துவிடுகிறார்கள். அதற்காகச் சின்ன ஃபில்டர் போட வேண்டாம். நிப்பிளை கம்ப்ரஸருக்கு அருகில் வைத்து, பைப்புக்குள் ஒரு சென்டிமீட்டர் நீட்டி, சாய்வாக வெட்டிய வாய் டர்போவைப் பார்க்கும்படி வெல்ட் செய்தால் ஓடும் காற்றே இழுத்துக்கொள்ளும். வாய் ஃபில்டரைப் பார்த்துவிட்டால் எதிர்வேலை நடக்கும், கவனம். இன்னொன்று, மேப் சென்சாரை மட்டும் வைத்து ஓடும் காருக்கு இந்த இடம் பிரச்சினையில்லை. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிற காரில் நிப்பிள் சென்சாருக்குப் பின்னால்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

இப்போதுதான் கேட்ச் கேன். இந்த இரண்டாவது பாதையில் அது தேவை, மறுக்கவில்லை. ஆயில் ஆவி இன்டர்கூலரில் படிந்தால் சூடு இறங்காது. சிலிண்டருக்குள் போனால் பெட்ரோலின் நக்கிங் தாங்கும் சக்தி குறையும், அதுவும் பூஸ்ட் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். ஆனால் ஆன்லைனில் மலிவாக வருகிற பளபள டப்பாக்களைத் திறந்து பார்த்தால் பலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது. இரண்டு துளை, நடுவில் வெற்றிடம். ஒன்றில் வந்த ஆவி இன்னொன்றில் அப்படியே போகும். உள்ளே தடுப்புத் தகடும், ஆவி மோதிச் சொட்டாக மாற ஸ்டீல் வலையும் வேண்டும். நுழைவு கீழ்ப்பக்கமாகவும் வெளிவழி உச்சியிலும் இருக்க வேண்டும். வலை அவிழ்ந்து வராதபடி துளைத் தகடுகளுக்கு நடுவில் அடைத்திருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைச் சும்மா திணித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு இழை கம்ப்ரஸர் வீலுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேனின் இரண்டு வாயும் 19 மி.மீ. இருக்கட்டும், இல்லையென்றால் ஹோஸைப் பெரிதாக்கியது வீண்.

கேனில் சேர்வதைக் கொட்டும் முன் பாருங்கள், அது நிறையச் சொல்லும். நீர்த்துப்போய், பழுப்பு அல்லது பால் நிறத்தில், பெட்ரோல் வாடையோடு இருந்தால் அது ஆவி குளிர்ந்து சொட்டியது. கேன் தன் வேலையைச் செய்கிறது. அதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். ஆனால் இன்ஜினில் ஊற்றிய அதே நிறத்தில், கெட்டியாக, சுத்தமான ஆயில் நிறையச் சேர்ந்திருந்தால் அது ஆவியே இல்லை. ஆயில் திரவமாகவே பிரீதரில் ஏறி வருகிறது. டேப்பட் கவர் மறைப்பு சரியில்லை, அல்லது ஆயில் மட்டம் அதிகம், அல்லது கீழிருந்து ஏறும் வாயு, ஹெட்டிலிருந்து ஆயில் இறங்கும் துளைகளிலேயே எதிர்த்து வந்து ஆயிலை மேலே நிறுத்திவைக்கிறது. கடைசியாகச் சொன்னது இருந்தால் பெரிய கேன் வாங்கிப் பயனில்லை. சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே இன்னொரு பிரீதர் எடுத்து வாயுவுக்குத் தனி வழி கொடுக்க வேண்டும்.

இன்டர்கூலர் பைப்பில் ஆயில் என்றீர்கள். அது பிரீதர் வழியாகவும் வரலாம், டர்போவிலிருந்தும் வரலாம். டர்போவின் ஆயில் ரிட்டர்ன் வெறும் ஈர்ப்பு விசையில் இறங்குவது, பம்ப் கிடையாது. க்ராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் அது இறங்க மறுத்து, டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். புது டர்போ புகைகிறது என்று வாரன்ட்டிக்கு அனுப்புகிறவர்களில் பலருக்கு டர்போவில் ஒன்றும் இருக்காது. ரிட்டர்ன் பைப் உள்ளே 16 முதல் 19 மி.மீ. இருக்கிறதா, செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் சாய்வு இருக்கிறதா, எங்காவது வளைந்து மேலே ஏறுகிறதா, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் நுழைகிறதா என்று பாருங்கள். வண்டி ஸ்லோவில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது நீலப் புகை வந்தால் முதலில் இந்த ரிட்டர்ன் லைனைப் பார்ப்பேன்.

திறந்த பிரீதர் ஃபில்டர் பற்றி. பூஸ்ட்டில் அழுத்தத்தை இறக்க அது வேலை செய்யும் என்பது உண்மைதான், துளை பெரிதாக இருந்தால். ஆனால் இழுப்பு எதுவும் கிடையாது, வாடை ஏசி வழியாக உள்ளே வரும், சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. ரோட்டில் ஓடும் பெட்ரோல் கார் க்ராங்க்கேஸ் வாயுவை வெளியே விடவே கூடாது என்பதுதான் இங்கே மாசு விதி. டிராக்குக்கு மட்டும் போகிற வண்டி என்றால் கதை வேறு. அங்கேயும் வெறும் ஃபில்டர் போதாது. எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி திறந்த பிரீதர் வைத்தால் அது ஒரு கேட்ச் டேங்கில் முடிய வேண்டும். 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும். டிராக்கில் கொட்டுகிற ஆயில் பின்னால் வருகிறவரின் உயிரோடு விளையாடுவது. அந்த விதி அங்கே இருப்பது நியாயம்.

எக்ஸாஸ்ட்டில் குழாய் சொருகி வாயுவை இழுக்கும் முறையை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். சைலன்ஸர் இருக்கிற டர்போ வண்டியில் எதிரழுத்தம் இருக்கும், புகை திரும்ப உள்ளே வரும். பெல்ட்டில் ஓடும் வேக்குவம் பம்ப், நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ்காரர்களுக்கு, 0.6 பாருக்கு அது தேவையில்லை.

அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று வேக்குவத்தை அளவுக்கு மீறி ஏற்றுவதும் கெடுதல்தான். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டிஎஸ்ஐ இன்ஜின்களில் இது தெரிந்த கதை. பிசிவி-யில் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்துவிடும். ஸ்லோ ஆடும், விசில் சத்தம் வரும், லீன் கோடு (பெட்ரோல் குறைவு என்ற எச்சரிக்கை) விழும். டிப்ஸ்டிக்கை லேசாக இழுத்தால் விசில் நின்றுவிடும். அப்படியே ஓட்டினால் உள்ளே இழுக்கப்பட்டுப் பின்பக்க க்ராங்க் சீல் கெடும். அழுத்தம் வெளியே தள்ளிக் கெடுப்பதை வேக்குவம் உள்ளே இழுத்துக் கெடுக்கிறது. உங்கள் புது அமைப்பிலும் ஸ்லோவில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான பிடிப்போடு வந்தால் சரி. இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் பிரீதர் பக்கம் காற்று உள்ளே வரும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. அந்த ஹோஸ் இரண்டு திசையிலும் வேலை செய்கிறது என்று மேலே சொன்னேனே, அதனால்தான் அதில் ஒருவழி வால்வு எதையும் போடக்கூடாது.

முதலில் வால்வை சோப்புத் தண்ணீரில் சோதியுங்கள், அப்புறம் லீக் டவுன், அப்புறம் மேப் சென்சார் லாக். இந்த மூன்றும் முடியும் வரை பூஸ்ட்டைத் தொட வேண்டாம், லாக் எடுக்கிற அந்த ஒரு ஓட்டத்தைத் தவிர. நான்கு சிலிண்டரின் லீக் டவுன் எண்களையும், 3000-லிருந்து 6000 ஆர்பிஎம் வரை பூஸ்ட்டும் க்ராங்க்கேஸ் அழுத்தமும் ஒரே கிராஃபில் வருகிற மாதிரி லாகையும் போடுங்கள். அழுத்தம் பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறுகிறதா, ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்த்தால் வால்வா, ரிங்கா, பைப்பின் குறுகலா என்று அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.